ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடுமா?

கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதா, ஃபார்மட் அடி. தானாக அணைந்து எழுகிறதா, ஃபார்மட் அடி. இன்டர்நெட் வரவில்லை, பிரிண்டர் ஓடவில்லை, திரை நீலமாகி நிற்கிறது என்றாலும் அதே பதில்தான். சர்வீஸ் கடைக்காரர் சொல்கிறார், பக்கத்து வீட்டு இன்ஜினியரிங் மாணவன் சொல்கிறான், ஆபீஸில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று பெயரெடுத்தவரும் சொல்கிறார். கேட்பவர்களும் தலையாட்டிவிட்டு, “டேட்டாவ மட்டும் எடுத்து வச்சிடுங்க தம்பி” என்று பெட்டியைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். வீட்டுக் கம்ப்யூட்டர் பழுதென்றால் ஃபார்மட் என்பது யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கையாகிவிட்டது. அந்த நம்பிக்கை தவறு. அதன் பெயரால் குடும்பங்களின் படங்களும் கடைக் கணக்குகளும் எழுதி வைத்த எழுத்துகளும் நாள்தோறும் தொலைந்துகொண்டிருக்கின்றன. பழுதான பொருள் பழுதாகவே கிடக்க, பழுதே இல்லாதது அழிக்கப்படுகிறது.

ஃபார்மட் என்னதான் செய்கிறது? கடையில் பெரும்பாலும் நடப்பது குயிக் ஃபார்மட். விண்டோஸ் ஏற்றும்போது வரும் திரையில் ஃபார்மட் என்று அழுத்தினாலும் இதுதான் நடக்கிறது. எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்கிற அட்டவணையைப் புதிதாக எழுதி, இடமெல்லாம் காலி என்று குறித்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. டிஸ்க்கின் பரப்பு நன்றாக இருக்கிறதா, கெட்டுப்போன செக்டர் உண்டா என்று அது பார்ப்பதே இல்லை. அதைப் பார்க்கிற ஃபுல் ஃபார்மட் வேறு. பெரிய டிஸ்க் என்றால் மணிக்கணக்கில் ஓடும், அதற்குக் காத்திருக்கும் கடையை நான் அதிகம் கண்டதில்லை. பிறகு விண்டோஸ் புதிதாக ஏறுகிறது. ஆக மாறியது சாஃப்ட்வேர் ஒன்றுதான். ராம் மாறவில்லை, மின்சாரம் வருகிற வழி மாறவில்லை, ஃபேனில் அடைந்த தூசி போகவில்லை. நான் வீடுகளில் பார்க்கிற கோளாறுகளில் பெரும்பாலானவை ஃபார்மட்டின் கை எட்டாத இந்த இடங்களில்தான் இருக்கின்றன.

ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசுவதற்காகவே பழைய டெஸ்க்டாப் ஒன்றை வைத்திருக்கும் அம்மா அவர். ஒருநாள் ஜிமெயில் திறக்கவில்லை. எந்தப் பக்கத்துக்குப் போனாலும் இணைப்பு பாதுகாப்பாக இல்லை என்று எச்சரிக்கை. கடைக்குக் கொண்டுபோனார்கள், வைரஸ் என்று சொல்லி ஃபார்மட் அடித்தார்கள். கடையில் எல்லாம் நன்றாகத் திறந்தது. வீட்டுக்கு வந்து மறுநாள் காலையில் பார்த்தால் பழைய கதை. மறுபடி கடை, மறுபடி ஃபார்மட், கடையில் மறுபடி நன்றாக ஓடியது. வீட்டில் வைரஸ் இருக்கிறது, மோடத்தை மாற்றுங்கள் என்றுகூட அவருக்குச் சொல்லப்பட்டது.

திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்திருந்தால் போதும். தேதி 2009 ஜனவரி என்று காட்டிக்கொண்டிருந்தது. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் தடித்த, ஒரு மினுங்கும் பேட்டரி இருக்கும். சிஆர்2032 என்று மேலேயே எழுதியிருக்கும். மூன்று வோல்ட். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். சில வருடங்களில் தீர்ந்துபோகும். தீர்ந்தால் மதர்போர்டு தனக்குத் தெரிந்த ஆதித் தேதிக்குத் திரும்பிவிடும். இணையதளங்கள் ஒவ்வொன்றும் காட்டும் சான்றிதழுக்கு இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை செல்லும் என்று ஒரு கெடு உண்டு. 2009-இல் இருப்பதாக நினைக்கும் கம்ப்யூட்டருக்கு இன்றைய சான்றிதழ் எல்லாமே இன்னும் பிறக்காதவை. அதனால் எதையும் நம்ப மறுக்கிறது.

கடையில் ஏன் ஓடியது? விண்டோஸ் ஏற்றும்போது கடைப் பையன் தேதியைச் சரியாக வைத்தான். கடையில் பிளக் இரவும் பகலும் சுவிட்ச் போட்டபடியே இருக்கும். கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்தாலும் அதன் மின்சாரப் பெட்டியான எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருப்பதால் கடிகாரம் நிற்காது. அந்த அம்மாவோ நம் எல்லா வீடுகளிலும் போல, இரவு படுக்கப்போகும்முன் சுவரில் சுவிட்சை அணைத்துவிடுவார். அணைத்தவுடன் தேதி போய்விடும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, கொக்கியை நகத்தால் தள்ளினால் பேட்டரி தானாக எம்பும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரிய வைத்து அழுத்தி, தேதியைத் திருத்தினால் வேலை முடிந்தது. சில பத்து ரூபாய் சமாச்சாரம். இதற்காக இரண்டு தடவை ஃபார்மட், அதில் பேரக்குழந்தையின் ஆரம்பகாலப் படங்கள் சில போயே போய்விட்டன. எனக்கு இதில் ஆத்திரம் வருகிறது. வந்த கோளாறு என்ன என்று ஒரே ஒரு நிமிடம் யாராவது கேட்டிருந்தால் அந்தப் படங்கள் இன்று இருக்கும்.

அடுத்து, மெதுவாக ஓடுகிறது என்கிற புகார். வீடுகளில் அதிகம் கேட்பது இதுதான், ஃபார்மட் அதிகம் பரிந்துரைக்கப்படுவதும் இதற்குத்தான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். பழைய லேப்டாப்பில் ‘டிஸ்க்’ என்ற பத்தி நூறு சதவீதத்தில் சிவந்து நிற்கும். பிராசஸர் பத்து சதவீதத்தில் சும்மா இருக்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கின் இயல்பு அது. நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் டிஸ்க்கில், வேண்டிய தகவல் படிக்கும் ஊசிக்குக் கீழே வந்து சேர்வதற்குச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். ஊசி நகர்வதற்கு அதைவிட அதிக நேரம். இரண்டையும் கூட்டினால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் தகவலை விநாடிக்கு நூறு தடவைகூட அதனால் எடுத்துத் தர முடியாது. நகரும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி அதே ஒரு விநாடியில் பல ஆயிரம் தடவை எடுத்துத் தரும். விண்டோஸ் 10 எழுந்திருக்கும்போது ஒரே நேரத்தில் அப்டேட், ஆன்டிவைரஸ், தேடல் பட்டியல் என்று பல வேலைகள் டிஸ்க்கைப் பிடித்து இழுக்கின்றன. ஃபார்மட் அடித்தால் 5400 சுற்று 5401 ஆகாது. ஃபார்மட்டுக்கும் கொண்டுபோய் வருவதற்கும் திரும்பத் திரும்பச் செலவழிக்கும் பணத்தைச் சேர்த்துவைத்தால் ஒரு சிறிய எஸ்எஸ்டி வாங்கிவிடலாம், பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே அதற்கு நகலெடுத்தும்விடலாம். எதையும் அழிக்க வேண்டியதில்லை.

டிஸ்க் சாகத் தொடங்கியிருந்தால் விஷயம் இன்னும் மோசம். கெட்ட செக்டரைப் படிக்க அது திரும்பத் திரும்ப முயலும், அதனால் எல்லாம் திணறும். அப்படிப்பட்ட டிஸ்க்கில் ஃபார்மட் அடித்துப் புது விண்டோஸ் ஏற்றுவது கூரை ஒழுகும் வீட்டுக்கு வெள்ளையடிப்பது. சில வாரம் பளிச்சென்று இருக்கும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ‘ஸ்மார்ட்’ என்ற ஏற்பாடு உண்டு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவசக் கருவி அதைப் படித்துக் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை. மஞ்சளைப் பார்த்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட வேண்டும். 2007-இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்து எழுதிய கட்டுரையில், பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை காட்டிய டிஸ்க், பிழை காட்டாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளில் செத்துப்போகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: செத்துப்போன டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேல் ஸ்மார்ட்டில் எந்தப் பிழையையும் காட்டாமலே செத்தன. ஆகவே நீலம் தெரிகிறது என்று நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது. நகல் எப்போதும் வேண்டும்.

“அப்படியென்றால் ஃபார்மட் அடித்தபின் வேகமாக ஓடுகிறதே, அதை நானே கண்ணால் பார்த்தேனே” என்பார்கள். பார்த்தது உண்மைதான். அது ஏன் என்பதும் தெரிந்ததுதான். புதிதாக ஏற்றிய விண்டோஸில், இயக்கியதும் தானாக எழுந்து உட்காரும் பத்துப் பன்னிரண்டு புரோகிராம்கள் இல்லை. பிரவுசரில் ஒட்டிக்கொண்ட எக்ஸ்டென்ஷன்கள் இல்லை. நிரம்பி வழிந்த சி டிரைவ் காலியாக இருக்கிறது. ஒரு மாதத்தில் பிரிண்டர் சாஃப்ட்வேர், வீடியோ கால் சாஃப்ட்வேர், பிடிஎஃப் சாஃப்ட்வேர், மகன் போட்ட கேம் எல்லாம் திரும்பி வந்து ஒவ்வொன்றும் தொடக்கப் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொள்ளும். பழைய வேகம், அதாவது பழைய மந்தம், திரும்பிவிடும். அப்போது “ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ஃபார்மட் அடிக்கணும் சார்” என்று ஒரு விதியே உண்டாகிறது. அதே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் என்ற பக்கத்துக்குப் போய்த் தேவையில்லாதவற்றை முடக்குவதும், டவுன்லோட்ஸ் ஃபோல்டரைக் காலி செய்வதும், வேண்டாத எக்ஸ்டென்ஷனை நீக்குவதும் அந்த வேகத்தில் பெரும்பகுதியைத் தந்துவிடும். அதற்கு ஒரு படமும் அழிய வேண்டியதில்லை.

இந்த நம்பிக்கை வெறும் அறியாமையிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. விண்டோஸ் 95, 98 காலத்தில் அது நியாயமாகவே இருந்தது. ஒரு சாஃப்ட்வேரைப் போட்டால் அது விண்டோஸின் பொதுவான டிஎல்எல் கோப்பு ஒன்றின் மேல் தன் பழைய பதிப்பை எழுதிவிடும். இன்னொரு சாஃப்ட்வேர் விழுந்துவிடும். ரெஜிஸ்ட்ரி சிதைந்தால் மீட்பது வீட்டுக்காரருக்கு எளிதாக இருக்கவில்லை. சுத்தமாக அழித்துத் திரும்ப ஏற்றுவதுதான் குறைந்த வலி. அன்றைக்கு வீட்டுக் கம்ப்யூட்டரில் இழப்பதற்கும் அதிகம் இருக்கவில்லை. டிஜிட்டல் கேமரா வந்திராத வீடுகள்தான் அதிகம். அதன் பிறகு விண்டோஸ் 2000 தன் கோப்புகளைத் தானே காக்கத் தொடங்கியது, சிஸ்டம் ரெஸ்டோர் வந்தது, 2001-இல் எக்ஸ்பி வந்து வீட்டுக் கம்ப்யூட்டரையும் உறுதியான அடித்தளத்துக்கு மாற்றியது. இயந்திரம் மாறிக் கால் நூற்றாண்டாகிவிட்டது. வைத்தியம் மட்டும் 98-லேயே நிற்கிறது.

தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று வரும் வீடுகளில் நான் முதலில் கேட்பது, “கரண்ட் போகும்போதா, சும்மா இருக்கும்போதா?” என்பதுதான். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, ஃபேன் நிற்பதில்லை, லைட் அணைவதில்லை, கம்ப்யூட்டர் மட்டும் அணைந்து எழுகிறது. எனவே வைரஸ் என்று முடிவு கட்டியிருப்பார்கள். லைன் போய் இன்வெர்ட்டர் ஏற்றுக்கொள்ள ஆகும் மிகச் சிறிய இடைவெளியில் ஃபேன் தன் வேகத்திலேயே சுற்றிவிடும். கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று தரவிதி சொல்வதோ சுமார் 16 மில்லி விநாடி. சில இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ் முறை, சாதாரண முறை என்று மாற்றிக்கொள்ள ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். சாதாரண முறையில் மாறும் நேரம் அதிகம். சுவிட்சைத் தள்ளினாலே தீர்ந்துவிடும் பிரச்சினை உண்டு. தனி யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் வீட்டில் அதன் பேட்டரி எப்போதோ செத்துப்போய், வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸாக இருந்துகொண்டிருக்கும். சும்மா இருக்கும்போதே அணைந்தால் சூடு, தூசி, ராம், எஸ்எம்பிஎஸ் என்று தேடல் வேறு திசையில் போகும். எதுவாக இருந்தாலும் விண்டோஸைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும்முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அதை யாரும் கேட்பதில்லை.

சாஃப்ட்வேரே தகராறு செய்யும் சமயங்களிலும் ஃபார்மட் அளவுக்குப் போக வேண்டியதில்லை. டான்டம் கம்ப்யூட்டர்ஸில் வேலை பார்த்த, பின்னாளில் டூரிங் விருது பெற்ற ஜிம் கிரே, கம்ப்யூட்டர்கள் ஏன் நின்றுபோகின்றன என்று 1985-இல் ஓர் அறிக்கை எழுதினார். பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தும் நிரலின் பிழைப் பதிவுகளைப் பார்த்ததில் 132 பிழைகளில் ஒன்றே ஒன்றுதான் எத்தனை முறை முயன்றாலும் திரும்ப வந்தது. மற்றவை எல்லாம் அந்த நேரத்துச் சூழலில் தோன்றி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் மறைந்துவிடுபவை. வெறும் ரீஸ்டார்ட் இத்தனை கோளாறுகளை ஏன் தீர்க்கிறது என்பதற்கு அதில் விளக்கம் இருக்கிறது. ஃபார்மட்டுக்குள்ளும் ஒரு ரீஸ்டார்ட் ஒளிந்திருக்கிறது. பல சமயம் வேலை செய்தது அந்த ரீஸ்டார்ட்தான், பெயர் வாங்கியது ஃபார்மட்.

“தினமும் ஷட் டவுன் பண்ணித்தானே வைக்கிறோம்” என்றால், அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. விண்டோஸ் 8 வந்த 2012-இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் மையப் பகுதி மூடப்படாமல், இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதிவைக்கப்படும். காலையில் அதே நிலை திரும்ப ஏற்றப்படும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ‘அப்டைம்’ என்று ஒரு எண் ஓடும். தினமும் அணைத்து வைக்கும் லேப்டாப்பில் அது பதினைந்து நாள், இருபது நாள் என்று காட்டுவதைப் பார்த்து வீட்டுக்காரர்கள் திகைத்திருக்கிறார்கள். ரீஸ்டார்ட் என்று அழுத்தினால்தான் எல்லாம் உண்மையில் முதலிலிருந்து தொடங்கும். வைஃபை பிடிக்காமல் போனது, சத்தம் வராமல் போனது, பிரிண்டர் வரிசையில் பேப்பர் சிக்கியதுபோல வேலைகள் சிக்கி நிற்பது எல்லாம் இந்த ஒரு சொடுக்கில் தீர்ந்துவிடுவதை நான் அன்றாடம் பார்க்கிறேன்.

ஃபார்மட்டின் இன்னொரு கேடு, அது சாட்சியைக் கொல்கிறது. விண்டோஸ் தனக்கு நேர்ந்ததை எல்லாம் தேதி, மணியோடு எழுதிவைக்கிறது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ரிலையபிலிட்டி என்று தட்டினால் ஒரு வரைபடம் திறக்கும். எந்த நாளில் என்ன விழுந்தது என்று சிவப்புப் பெருக்கல் குறிகள் காட்டும். பத்தாம் தேதி ஒரு டிரைவர் அப்டேட் ஏறியிருக்கும், பதினோராம் தேதியிலிருந்து சிவப்புக் குறிகள் தொடங்கியிருக்கும். அந்த அப்டேட்டை மட்டும் திரும்பப் பெற்றால் போதும். ஈவென்ட் வியூவரில் டிஸ்க் என்ற பெயரில் ஏழாம் எண் பதிவு இருந்தால் டிஸ்க்கில் கெட்ட பிளாக் இருக்கிறது. கெர்னல்-பவர் 41 இருந்தால் முறையாக மூடாமல் கம்ப்யூட்டர் எழுந்திருக்கிறது. இத்தனையும் கம்ப்யூட்டரே கொடுக்கும் வாக்குமூலம். ஃபார்மட் அடித்தவுடன் அத்தனையும் போய்விடும். மறுபடி கோளாறு வரும்போது அது புதுக் கோளாறு போலத் தெரியும், ஏனென்றால் பழையதன் சுவடு எதுவும் மிச்சமில்லை.

இழப்பின் கணக்குக்கு வருகிறேன். “டேட்டா எடுத்து வச்சுட்டுத்தான் சார் அடிக்கிறோம்” என்பார்கள். எதை எடுக்கிறார்கள்? டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், பிக்சர்ஸ். அவற்றுக்கு வெளியே சி டிரைவில் கிடக்கும் டேலி கணக்கு, பிரவுசர் நினைவில் வைத்திருந்த பாஸ்வேர்டுகள், அவுட்லுக்கின் பழைய மடல்கள், இவை எங்கே இருக்கின்றன என்று வீட்டுக்காரருக்கும் தெரியாது, கடைப் பையனும் கேட்பதில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் தனி ஆபத்து உண்டு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் ஊர்க் கோயிலின் வரலாற்றைப் பல வருடமாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். ஃபார்மட் அடித்து வந்த பிறகு கோப்பைத் திறந்தார். பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும். “எல்லாம் போச்சுங்க, வைரஸ் தின்னுட்டுதாம்” என்று என்னிடம் சொன்னபோது, அச்செடுத்து வைத்திருந்த தாள்களைப் பார்த்து முதல் அத்தியாயத்தை மறுபடி தட்டச்சு செய்யத் தொடங்கியிருந்தார். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும்; எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும், இல்லையென்றால் குப்பையாகத் தெரியும். ஃபார்மட்டுக்கு முன் ஆவணங்களை டி டிரைவில் எடுத்துவைத்த கடைக்காரர்கள் விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை எடுக்க நினைக்கவில்லை. எழுத்துருவை ஏற்றிவிட்டு, வரிகளைத் தேர்ந்து, மேலே பாமினி என்று மாற்றினேன். கோயிலின் பெயர் தமிழில் எழுந்து நின்றது. ஐயா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். தமிழக அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டாலும், அதற்கு முன்பும் பின்பும் பழைய எழுத்துருக்களில் எழுதப்பட்டவை இன்னும் எத்தனையோ வீடுகளின் டிஸ்க்கில் இருக்கின்றன. குப்பை என்று நினைத்து அழிக்கப்பட்டவை எத்தனை என்று எண்ணினால் மனம் பதறுகிறது.

போனாலும் ரெகவரி சாஃப்ட்வேர் போட்டு எடுத்துவிடலாம் என்பது இன்னொரு ஆறுதல். சுழலும் டிஸ்க்கில் அது ஓரளவு உண்மை; குயிக் ஃபார்மட்டில் அட்டவணைதான் போகிறது, மேலே புதிதாக எழுதப்படாதவரை தகவல் கிடக்கும். எஸ்எஸ்டியில் கதை வேறு. ஃபார்மட் ஆனவுடன், இந்த இடமெல்லாம் இனி வேண்டாம் என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்கு ‘ட்ரிம்’ என்ற கட்டளையைக் கொடுத்துவிடும். எஸ்எஸ்டி அவற்றை உள்ளுக்குள் துடைத்துவிடும். புது லேப்டாப்களில் டிஸ்க் முழுக்க என்கிரிப்ட் ஆகியும் இருக்கும். ஒருநாள் அது ரெகவரி கீ கேட்டு நிற்கும்போது, அந்தக் கீ பெரும்பாலும் அவர்களுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கிறது என்பது தெரியாமல் ஃபார்மட் அடிக்கிறார்கள். அதன் பிறகு எந்தக் கடையாலும் எதையும் மீட்க முடியாது.

போகிற போக்கில் லைசென்ஸும் வீணாகிறது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்களின் லைசென்ஸ் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். காசு கொடுத்து வாங்கியது. அதன் மேல் கடைக்காரர் பென் டிரைவிலிருந்து கிராக் செய்த புரோ பதிப்பை ஏற்றி, அது ஓடுவதற்காக ஆன்டிவைரஸை அணைத்துவைக்கிறார். வைரஸை விரட்டுவதாகச் சொல்லி வாசலைத் திறந்துவைக்கும் இந்த வேலைக்கு நாமே காசு கொடுக்கிறோம்.

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. பெரிய கம்பெனிகளின் ஐடி பிரிவில் இப்படி ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டார்கள். தகராறு செய்யும் லேப்டாப்பை அழித்துப் புதிதாக ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் விவரமில்லாதவர்களா? இல்லை, அங்கே அதுதான் சரி. அங்கே கோப்புகள் சர்வரில் இருக்கின்றன. வேண்டிய சாஃப்ட்வேர் எல்லாம் சேர்த்த இமேஜ் தயாராக இருக்கிறது. டிஸ்க் கெட்டிருந்தால் கொடுப்பதற்கு வேறு லேப்டாப் ஸ்டோரில் இருக்கிறது. லேப்டாப்பை அழித்தால் அங்கே எதுவும் அழிவதில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரோ பல குடும்பங்களில் ஒரே பிரதி. அதற்கு வெளியே அந்தப் படங்கள் எங்கும் இல்லை. கம்பெனியின் பழக்கத்தைக் கம்பெனியின் ஏற்பாடுகள் இல்லாமல் வீட்டுக்குள் கொண்டுவருவது கொடுமை.

வைரஸ் விஷயத்தில் என் எதிர்த்தரப்பு சொல்வதை ஏற்கிறேன். யாரோ தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்குகிறார்கள், வங்கிப் பாஸ்வேர்டு போய்விட்டது என்று உறுதியானால் முழுக்க அழித்து ஏற்றுவதுதான் பாதுகாப்பு. அதுவும் மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்தே எடுத்த விண்டோஸால், பாஸ்வேர்டுகளை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றிய பிறகு. ஆனால் அங்கும் அவசரம் கூடாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால், பூட்டப்பட்ட கோப்புகளைத் தனியே எடுத்துவைத்துவிட்டு அழிக்க வேண்டும். யூரோபோலும் நெதர்லாந்துக் காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் 2016-இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் திறவுகோல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கிராக் சாஃப்ட்வேர் வழியே வீடுகளில் புகுந்த ஸ்டாப் வகைக்கு, அதன் பழைய பதிப்புகளுக்கான திறவுகோல் 2019-இல் வந்தது. அதற்குள் ஃபார்மட் அடித்தவர்களுக்குத் திறப்பதற்குக் கோப்பே இருக்கவில்லை. வேறொருவருக்கு விற்கும்போதும், பழையது வாங்கும்போதும் அழிப்பது சரிதான். அவை பழுதுபார்ப்பு அல்ல.

“இவ்வளவு பார்க்க யாருக்கு நேரம்?” என்பது கடைசி வாதம். முதலில் முக்கியமானவற்றை வெளி டிஸ்க்கில் நகலெடுப்பது. பிறகு ரீஸ்டார்ட். தேதியைப் பார்ப்பது, டாஸ்க் மேனேஜரைப் பார்ப்பது, டிஸ்க்கின் ஸ்மார்ட்டைப் பார்ப்பது, ரிலையபிலிட்டி வரைபடத்தைப் பார்ப்பது, கடைசியாக என்ன மாறியது என்று வீட்டில் இருப்பவர்களைக் கேட்பது. நகலெடுக்கும் நேரத்தைக் கழித்தால் அரை மணி நேரம் ஆகாது. ஃபார்மட் ஒரு மணி நேர வேலை என்பது கடைக்காரரின் கடிகாரம். அதன் பிறகு பிரிண்டர் டிரைவர், டேலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், எழுத்துரு, மறந்துபோன பாஸ்வேர்டு என்று வீட்டுக்காரர் நாள்கணக்கில் அலைகிறார். அந்த நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கடைக்காரர்களை மட்டும் குறைசொல்லி நான் நகரப் போவதில்லை. பழுதைக் கண்டுபிடிப்பதற்கு நாம் காசு கொடுப்பதில்லை. அரை மணி நேரம் பார்த்து, “பேட்டரி மாத்தினா போதும்மா” என்று சொல்லும் மெக்கானிக்குக்குப் பேட்டரி விலையை மட்டும் கொடுத்துவிட்டு எழுந்து வருகிறோம். ஃபார்மட் அடித்தால் முன்னூறோ ஐந்நூறோ பேசாமல் எடுத்துக் கொடுக்கிறோம். அவர் கடை வாடகை கட்ட வேண்டாமா? பார்த்துச் சொன்னதற்கே கூலி என்று நாம் கொடுக்கத் தொடங்க வேண்டும். அடுத்த முறை கம்ப்யூட்டரைக் கொண்டுபோகும்போது, “ஃபார்மட் பண்ணிக் குடுங்க” என்று சொல்லாமல், “என்ன கோளாறுன்னு பாத்துச் சொல்லுங்க, பாக்கறதுக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க, என்னைக் கேக்காம எதையும் அழிக்காதீங்க” என்று சொல்லுங்கள். பில்லில் ஓஎஸ் இன்ஸ்டலேஷன் என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக, எது பழுதாக இருந்தது, எதனால் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் பெட்டியை விட்டுவிட்டு வராதீர்கள்.